எண்ணும் விதம் மாறியபோது: நியூயார்க் நகர மன்றத் தேர்தல்கள், 1937 - 1947

1949ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 25 இடங்கள். ஜனநாயகக் கட்சி பெற்ற வாக்குகள் 52.6 சதவீதம். பெற்ற இடங்கள் 24. பாதிக்குச் சற்றே கூடுதலான மக்கள் ஒரு கட்சிக்கு வாக்களித்தார்கள். மன்றம் கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் கட்சிக்கே போய்விட்டது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வந்தவர் ஒரே ஒருவர், மன்ஹாட்டனைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் ஸ்டான்லி ஐசக்ஸ்.

இதில் மோசடி எதுவும் இல்லை. கள்ள ஓட்டு இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வாக்கை எண்ணும் விதம் அப்படி. அந்த விதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1947இல், நியூயார்க் மக்களே வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் அந்த நகரத்தில் வேறொரு முறை இருந்தது. அது எப்படி வந்தது, யாரை உள்ளே விட்டது, ஏன் துரத்தப்பட்டது என்பது அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதிகம் பேசப்படாத கதை.

ஆல்டர்மேன்கள் காலம்

நகர மன்றத்துக்கு முன்பு நியூயார்க்கில் இருந்தது ஆல்டர்மேன்கள் சபை. வார்டு ஒன்றுக்கு ஓர் உறுப்பினர். யாருக்கு அதிக வாக்கோ அவரே வெற்றி. இந்தியாவில் கவுன்சிலர் தேர்தல் நடக்கும் அதே முறை.

அந்தச் சபைக்கு நல்ல பெயர் இருந்த காலம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். 1850களின் தொடக்கத்தில் நகர மன்றத்துக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'நாற்பது திருடர்கள்'. பின்னாளில் ஊழலுக்கே மறுபெயராகிப்போன வில்லியம் ட்வீட் அரசியல் பயின்றது அங்கேதான். 1884இல் பிராட்வே சாலையில் டிராம் ஓட்டும் உரிமம் வாங்க ஜேக்கப் ஷார்ப் என்ற தொழிலதிபர் ஆல்டர்மேன்களுக்குத் தலைக்குச் சுமார் 20,000 டாலர் லஞ்சம் கொடுத்தார். வாங்கியது ஒருவர் இருவர் அல்ல, சபையின் பெரும்பான்மையோர்.

இதையெல்லாம் இயக்கியது டாமனி ஹால் என்ற அமைப்பு. ஜனநாயகக் கட்சியின் மன்ஹாட்டன் கிளை என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் அது வெறும் கட்சி அலுவலகம் அல்ல. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்குக் குளிர்காலத்தில் நிலக்கரி, பண்டிகைக்கு வான்கோழி, நகராட்சியில் வேலை, போலீசில் மாட்டிக்கொண்டால் சிபாரிசு என்று எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. பதிலுக்கு ஓட்டு. டாமனியைத் திருடர் கூட்டம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த ஏழைகளின் வாசலுக்கு வேறு யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1930 முதல் 1932 வரை சாமுவேல் சீபரி என்ற முன்னாள் நீதிபதி நடத்திய விசாரணை இந்த அமைப்பை உலுக்கியது. அதில் எல்லோருக்கும் நினைவிருப்பது தாமஸ் பார்லி என்ற ஷெரீப் சொன்ன பதில்தான். ஆறு ஆண்டுகளில் அவர் வங்கியில் போட்ட பணம் சுமார் 3,60,000 டாலர். அவருடைய சம்பளமோ அதில் கால்பங்குதான் இருக்கும். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியிலிருந்து என்றார். ஊரே சிரித்தது. அப்போது மாநில ஆளுநராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1932 செப்டம்பரில் மேயர் ஜிம்மி வாக்கரும் பதவி விலகினார். 1933இல் டாமனியை எதிர்த்து நின்ற பியோரெல்லோ லா கார்டியா மேயரானார்.

மேயர் மாறினாலும் ஆல்டர்மேன்கள் சபை மாறவில்லை. 1935 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு சுமார் 66 சதவீதம். பிடித்த இடங்கள் 65இல் 62. மீதி மூன்றில் ஒரு பங்கு மக்களின் வாக்குக்கு மதிப்பு மூன்று நாற்காலி. சீபரிக்கும் அவருடன் இருந்த சீர்திருத்தக்காரர்களுக்கும் அப்போது புரிந்தது இதுதான்: திருடர்களைப் பிடித்து உள்ளே போட்டால் அடுத்த திருடன் வருவான், வார்டு முறை இருக்கும்வரை சபை டாமனியின் சபையாகவே இருக்கும்.

1, 2, 3 என்று எழுதும் வாக்கு

தாமஸ் தாச்சர் தலைமையிலான குழு நகரத்துக்குப் புதிய சாசனம் ஒன்றை எழுதியது. ஆல்டர்மேன்கள் சபையை ஒழித்து நகர மன்றம் அமைப்பது அதில் ஒரு பகுதி. மன்றத்தை விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கலாமா என்பதைத் தனிக் கேள்வியாகவே மக்கள் முன் வைத்தார்கள். 1936 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். ஐந்தரை லட்சம் பேர் எதிர்த்தார்கள்.

முறையின் பெயர் ஒற்றை மாற்று வாக்கு. இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது இதே வகையில்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே வாக்களிப்பவர்கள் சில நூறு பேர். நியூயார்க்கில் இருபது லட்சம் பேரை இப்படி வாக்களிக்கச் சொன்னார்கள்.

வார்டுகள் போயின. மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்க்ஸ், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு என்று நகரத்தின் ஐந்து பெரும்பிரிவுகளும் ஐந்து தொகுதிகளாயின. வாக்காளர் ஒரே ஒருவருக்கு முத்திரை குத்துவதில்லை. மிகவும் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று விரும்பும்வரை எண் எழுதலாம். 75,000 வாக்கு பெற்றவர் உறுப்பினர். ஒருவர் 75,000ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் அவருக்கு வரும் சீட்டுகள் வீணாவதில்லை. அதில் 2 என்று யார் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறதோ அவருக்குப் போகும். கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளையும் அடுத்த விருப்பத்தின்படி பிரித்துக் கொடுப்பார்கள். இப்படியே இடங்கள் நிரம்பும்வரை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. இத்தனை உறுப்பினர்கள் என்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யவில்லை. 75,000 வாக்குக்கு ஓர் இடம் என்பதுதான் விதி. எனவே வாக்களிக்க வருபவர் கூடினால் மன்றம் பெருக்கும், குறைந்தால் இளைக்கும். 1937இல் 26 பேர், 1939இல் 21, 1941இல் மீண்டும் 26. போர்க்காலத்தில் 1943இல் நடந்த தேர்தலில் 17 பேர்தான். 1945இல் 23. ஓட்டுப் போட வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் உன் பகுதிக்கு ஓர் உறுப்பினர் குறைவார் என்று இவ்வளவு நேரடியாகச் சொன்ன தேர்தல் விதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

முதல் தேர்தல் 1937 நவம்பரில். புரூக்ளினுக்கு 9 இடம், மன்ஹாட்டனுக்கு 6, பிராங்க்ஸுக்கும் குயின்ஸுக்கும் ஐந்தைந்து, ஸ்டேட்டன் தீவுக்கு 1. மேயர் தேர்தலுக்கு நெம்புகோல் வைத்த வாக்கு இயந்திரம். மன்றத் தேர்தலுக்கோ காகிதச் சீட்டு, கையால் எண்ண வேண்டும். மேயர் யார் என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. மன்ற உறுப்பினர்கள் யார் யார் என்று தெரிய வாரக்கணக்கில் ஆனது. பெரிய மண்டபங்களில் தற்காலிகப் பணியாளர்கள் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக மேசைக்கு மேசை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று யார் முந்துகிறார், யார் வெளியேறினார் என்று பத்திரிகைகள் குதிரைப் பந்தயச் செய்தி போல எழுதின. எதிர்ப்பாளர்கள் இந்தத் தாமதத்தை மறக்கவே விடவில்லை. பின்னர் வந்த தேர்தல்களில் எண்ணிக்கை விரைவாக முடிந்தபோதும் முதல் தடவை ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர் போகவில்லை.

உள்ளே வந்தவர்கள்

முடிவு டாமனிக்குக் கசப்பாக இருந்தது. ஆல்டர்மேன்கள் சபையை அள்ளிக்கொண்டு போன கட்சி, புதிய மன்றத்தில் பாதி இடத்தோடு நின்றது. தொழிற்சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய அமெரிக்கன் லேபர் கட்சி ஐந்து இடங்களைப் பிடித்தது. இத்திஷ் மொழிப் பத்திரிகையாளரும் பழைய சோஷலிஸ்டுமான பாருக் சார்னி விளாடெக், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் மைக்கேல் குவில் ஆகியோர் அப்படி வந்தவர்கள். புரூக்ளினிலிருந்து ஜெனிவீவ் ஏர்ல் வந்தார். 26 பேரில் ஒரே பெண். பிறகு பல ஆண்டுகள் சிறுபான்மைக் கட்சிகளின் தலைவராக இருந்து, நகராட்சி நிர்வாகம் பற்றி விவரம் தெரிந்த உறுப்பினர் என்று எதிரிகளிடமும் பெயர் வாங்கியவர்.

புதிய முறையில் ஜனநாயகக் கட்சி அழிந்துவிடவில்லை. 1941இல் அதற்கு 64 சதவீத வாக்கு. 26இல் 17 இடம், அதாவது 65 சதவீதம். வாக்கு எவ்வளவோ இடமும் அவ்வளவு. அந்தக் கட்சி இழந்தது, தனக்கு உரிமை இல்லாமல் வைத்திருந்த பங்கை மட்டுமே. ஆனால் உரிமை இல்லாததை நீண்டகாலம் அனுபவித்தவருக்கு அது பறிபோகும்போது சொந்தச் சொத்து பறிபோனதாகவே தோன்றும்.

1941 தேர்தல் வேறொரு விதத்திலும் முக்கியமானது. மன்ஹாட்டனிலிருந்து ஆடம் கிளேட்டன் பவல் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹார்லம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். அதே ஆண்டில் ஹார்லம் வழியாக ஓடும் பேருந்துகளில் கருப்பின மக்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று பேருந்துப் புறக்கணிப்பு நடத்தி, குவிலின் சங்கத்தோடு உடன்பாடு செய்து, வென்று காட்டியவர். நகர மன்றத்தின் முதல் கருப்பின உறுப்பினர் அவர்தான். பெரிய கட்சிகள் இரண்டும் அவரைத் தூக்கி வந்து உட்கார வைக்கவில்லை. ஹார்லம் மக்களும், வெளியே பிற பகுதிகளில் அவருக்கு 2, 3 என்று எழுதியவர்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். கோடு போட்டு வார்டு பிரிக்கும் முறையில் கோடு போடுகிறவர் யார் என்பதுதான் பெரிய கேள்வி. இங்கே கோடே இல்லை. மன்ஹாட்டனில் எந்தத் தெருவில் இருந்தாலும் ஒரே கருத்துள்ளவர்கள் 75,000 பேர் சேர்ந்தால் போதும்.

ஸ்டான்லி ஐசக்ஸ் முதன்முதலில் மன்றத்துக்கு வந்ததும் 1941இல்தான். அதற்கு முன் அவர் மன்ஹாட்டன் பிரிவின் தலைவராக இருந்தார். சைமன் கெர்சன் என்ற கம்யூனிஸ்ட் இளைஞரைத் தன் அலுவலகத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டார் என்பதற்காகக் கடும் தாக்குதலுக்கு ஆளாகி, அந்தப் பதவிக்கு மீண்டும் நிற்கச் சொந்தக் கட்சியின் ஆதரவு கிடைக்காமல் போனவர். கட்சி கைவிட்டவரை வாக்காளர்கள் எண் எழுதி உள்ளே கொண்டுவந்தார்கள். இந்த கெர்சனின் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

அதே ஆண்டு புரூக்ளினிலிருந்து பீட்டர் கக்கியோனே வந்தார். இவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். மறைமுக ஆதரவாளர் அல்ல, கட்சிப் பெயரை வெளிப்படையாகச் சொல்லி நின்றவர். 1937இல் சில நூறு வாக்குகளில் தோற்றார். 1939இல் அவர் பெயரை வாக்குச் சீட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மூன்றாம் முறை வென்றார். 1943இல் மன்ஹாட்டனிலிருந்து இரண்டாவது கம்யூனிஸ்ட் வந்தார். பெயர் பெஞ்சமின் டேவிஸ், ஜார்ஜியாவைச் சேர்ந்த கருப்பின வழக்கறிஞர். அட்லாண்டாவில் வேலையற்றோரைத் திரட்டியதற்காகக் கைதான ஏஞ்சலோ ஹெர்ண்டன் என்ற கருப்பின இளைஞருக்காக 1933இல் வாதாடியபோது அந்த நீதிமன்றத்தில் கண்டதுதான் அவரைக் கம்யூனிஸ்ட் ஆக்கியது. அமெரிக்க காங்கிரஸுக்குப் போட்டியிடத் தயாரான பவல், தன் இடத்துக்கு டேவிஸை ஆதரித்தார். பாடகர் பால் ராப்சன், பியானோ கலைஞர் டெடி வில்சன் போன்றோர் அவருக்காக வேலை செய்தார்கள்.

சோவியத் ஒன்றியம் அப்போது அமெரிக்காவின் போர்க் கூட்டாளி. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர்கள் தோற்ற ஆண்டு அது. கம்யூனிஸ்ட் என்ற சொல் நியூயார்க் வாக்காளரை அன்று மிரட்டவில்லை. 1945இல் டேவிஸும் கக்கியோனேயும் மீண்டும் வென்றார்கள். அந்த மன்றத்தில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, அமெரிக்கன் லேபர், லிபரல், கம்யூனிஸ்ட் என்று ஐந்து கட்சிகள் இருந்தன. கம்யூனிஸ்டுகளுக்கு 23இல் 2 இடம். வாக்கும் ஏறத்தாழ அதே அளவுதான், பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த மன்றத்துக்குப் பெரிய அதிகாரம் இருந்ததா என்றால், இல்லை. வரவு செலவு, நிலம், ஒப்பந்தம் என்று பணம் புழங்கும் விஷயங்களெல்லாம் மேயரும் பெரும்பிரிவுத் தலைவர்களும் இருந்த மதிப்பீட்டு வாரியத்தின் கையில். மன்றம் பேசலாம், உள்ளூர்ச் சட்டம் இயற்றலாம். ஆனால் என்ன பேசினார்கள் என்பது மாறியது. போலீஸ் அடக்குமுறை, வாடகை, தொழில்முறை பேஸ்பாலில் கருப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாத நிலை, ஸ்டைவெசன்ட் டவுன் என்ற மாபெரும் குடியிருப்பில் கருப்பின மக்களுக்கு வீடு கொடுக்க மறுத்தது எல்லாம் மன்றத்தில் ஒலித்தன. லா கார்டியா ஆட்சிக்கு முந்தைய ஆல்டர்மேன்கள் சபையில் தெருக்களுக்குப் பெயர் வைப்பதற்கே பெரும்பொழுது போயிற்று என்று கேலி செய்வார்கள்.

ஒழித்தார்கள்

இந்த முறையை ஒழிக்கும் முயற்சி அது பிறந்த மறுநாளே தொடங்கியது. 1938இல் மாநிலம் முழுவதும் விகிதாசார முறையைத் தடை செய்யும் அரசியல் சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது; தோற்றது. 1940இல் நகரத்தில் மட்டும் இன்னொரு முயற்சி, அதுவும் தோற்றது. முறை சிக்கலானது, எண்ண நேரமாகிறது, என் பகுதிக்கு உறுப்பினர் யார் என்று கேட்டால் பதில் இல்லை என்ற வாதங்கள் முன்வைக்கப்பட்டன. கடைசி வாதத்தில் உண்மை இருந்தது. புரூக்ளின் என்பது அன்றே இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த இடம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒன்பது உறுப்பினர்களில் யாரிடம் போய்ச் சொல்வது? சீர்திருத்தக்காரர்கள் இதற்கு நல்ல பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் இந்த வாதங்களால் மட்டும் மக்களை அசைக்க முடியவில்லை.

அசைத்தது 1947. போர் முடிந்து கூட்டாளி எதிரியாகியிருந்தார். மார்ச் மாதம் ட்ரூமன் கம்யூனிசத்தைத் தடுக்கும் கொள்கையை அறிவித்தார். நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் பழைய வாதங்களை மூட்டை கட்டிவிட்டு ஒரே வாதத்தைக் கையில் எடுத்தார்கள்: விகிதாசார முறை கிரெம்ளினிலிருந்து இறக்குமதியான சரக்கு. உண்மையில் அந்த முறை சோவியத் ஒன்றியத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது இருந்தது அயர்லாந்தில், 1920களின் தொடக்கத்திலிருந்து. டாமனியின் தலைவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து வம்சாவளியினர் என்பது கவனிக்க வேண்டியது. பாட்டனின் ஊரிலிருந்து வந்ததை மாஸ்கோவிலிருந்து வந்ததாகச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் ஏற்படவில்லை.

சீர்திருத்தக்காரர்களின் பக்கம் குரல் குறைந்திருந்தது. லா கார்டியா செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 4 அன்று வாக்கெடுப்பு. ஒழிக்க வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 9,35,000 பேர். வேண்டாம் என்றவர்கள் 5,86,000 பேர். 1936இல் வந்த முடிவு அப்படியே தலைகீழாகத் திரும்பியது போன்ற எண்கள்.

இரண்டு கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற அந்த இரண்டு பேரை மட்டும் தோற்கடித்திருக்கலாம். அதற்கு வாக்காளரின் மனத்தை மாற்ற வேண்டும், அது கடினமான வேலை. கட்டடத்தையே இடித்தார்கள். இடிபாட்டில் சிக்கியவர்கள் கம்யூனிஸ்டுகள் மட்டும் அல்ல. லிபரல்கள், லேபர் கட்சியினர், சுயேச்சைகள் எல்லோரும் சிக்கினார்கள். குடியரசுக் கட்சித் தலைவர்கள் பலரும் ஒழிப்புக்கு ஆதரவாக நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை. அடுத்த தேர்தலில் தங்களுக்கு ஒரே ஒரு நாற்காலிதான் மிஞ்சும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கவில்லை போலும்.

வாக்கெடுப்பு முடிந்த இரண்டே நாளில், நவம்பர் 6 அன்று, கக்கியோனே இறந்தார். பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. உறுப்பினர் இறந்தால் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஒருவரையே அந்த இடத்துக்கு நியமிக்க வேண்டும் என்பது சட்டம். கம்யூனிஸ்ட் கட்சி சைமன் கெர்சனின் பெயரைக் கொடுத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஐசக்ஸின் அலுவலகத்தில் வேலை பார்த்த அதே கெர்சன். மன்றம் ஏற்க மறுத்தது. அந்த நாற்காலிக்கு அவர் வரவே இல்லை.

டேவிஸுக்கு நடந்தது இன்னும் கடுமை. அரசைக் கவிழ்க்கும் கொள்கையைப் பரப்பச் சதி செய்ததாக ஸ்மித் சட்டத்தின் கீழ் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பதினொரு பேர் மீது வழக்கு. அவர்களில் அவரும் ஒருவர். 1949 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் ஹார்லத்தில் தேர்தலில் நின்றார். இப்போது மன்ஹாட்டன் முழுவதும் தொகுதி அல்ல, ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய கணக்கு. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, லிபரல் கட்சி மூன்றும் சேர்ந்து ஏர்ல் பிரவுன் என்ற கருப்பினப் பத்திரிகையாளரை நிறுத்தின. டேவிஸ் தோற்றார். பதவிக்காலம் முடிய ஒரு மாதம் சொச்சம் இருக்கும்போது மன்றம் அவரை வெளியேற்றியது. அந்த ஒரு மாதத்துக்குக் கூடக் காத்திருக்கவில்லை. 1951இல் சிறைக்குப் போனவர் 1955இல் வெளியே வந்தார்.

24க்கு 1

இப்படித்தான் 1949 தேர்தலின் எண்கள் வந்தன. எதிர்க்கட்சியாக மிஞ்சிய ஐசக்ஸ் தான் ஒருவராகவே சிறுபான்மைக் கட்சித் தலைவர், கொறடா, தொண்டர் எல்லாம். ஆனாலும் வாய்மூடி உட்காரவில்லை. டேவிஸைத் தோற்கடித்த ஏர்ல் பிரவுனோடு கைகோத்தார். அரசு உதவி பெறும் குடியிருப்புகளில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பிரவுன் - ஐசக்ஸ் சட்டம் 1951இல் வந்தது. 1957இல் தனியார் வீடுகளுக்கும் அது விரிவானது. அமெரிக்க நகரங்களில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. ஸ்டைவெசன்ட் டவுன் பிரச்சினையை மன்றத்தில் முன்பு எழுப்பியவர்களில் பவலும் டேவிஸும் இருந்தார்கள். சட்டமான நேரத்தில் இருவரும் மன்றத்தில் இல்லை.

ஒரே கட்சி மன்றம் நகரத்துக்கே சலித்துப்போய், 1963இல் பெரும்பிரிவு ஒன்றுக்கு இரண்டு உறுப்பினர் வீதம் கூடுதலாகச் சேர்த்து, ஒரு கட்சி ஒருவரை மட்டுமே நிறுத்தலாம் என்று விதி வைத்தார்கள். சிறு பிரிவுக்கும் பெரும் பிரிவுக்கும் ஒரே எண்ணிக்கையா என்ற வழக்கில் 1980களின் தொடக்கத்தில் அதுவும் போயிற்று. 1970 முதல் 1990களின் இறுதிவரை வட்டாரப் பள்ளி வாரியங்களுக்கு மட்டும் 1, 2, 3 எழுதும் பழைய முறையில் தேர்தல் நடந்தது. பிறகு வாரியங்களையே கலைத்துவிட்டார்கள். 1991இல் மன்றம் 51 தொகுதிகளாகப் பெரிதானது.

2019இல் நியூயார்க் மக்கள் மீண்டும் எண் எழுதும் வாக்குக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2021 ஜூனில் கட்சிகளின் உள்தேர்தலில் வாக்காளர்கள் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தினார்கள். அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட 51 பேரில் 31 பேர் பெண்கள். ஆனால் தொகுதி ஒன்றுக்கு ஒருவர் என்பது மாறவில்லை. நவம்பர் பொதுத்தேர்தலில் பழையபடி ஒற்றை முத்திரைதான். சீபரி காலத்து முறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துக்குப் போக வேண்டும். 1941இல் முதன்முதலாக அப்படி எண்ணத் தொடங்கிய அந்தச் சிறிய ஊர் அதை இன்றுவரை கைவிடவில்லை. ஒழிக்கக் கோரி அங்கும் பல வாக்கெடுப்புகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.